பிட்ச் என்பது புரியிடை அல்ல, ஆணியிடை

மரம் அறுக்கும் செயின் சாவுக்குத் தமிழில் வரும் கையேடுகளில் ‘பிட்ச்’ என்ற இடத்திலெல்லாம் ‘புரியிடைத் தூரம்’ என்று போடுகிறார்கள். குடியாத்தம் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் கையில் சுற்றிவந்த ஒரு பயிற்சித் தாளில், சங்கிலியின் புரியிடைத் தூரமும் அளவியும் வழிகாட்டிப் பட்டையோடு பொருந்த வேண்டும் என்று அச்சாகியிருந்தது. அந்த வரியை வைத்துக்கொண்டு ஒருவர் வேலூரில் எந்தக் கடையிலும் ஒரு செயின் வாங்க முடியாது. அதில் மூன்று கலைச்சொற்கள் இருக்கின்றன. மூன்றும் தமிழ்தான், ஆனால் மூன்றுமே கைக்கு எட்டாத தமிழ். முதல் சொல்தான் அதிகக் கேடு செய்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பிட்ச் என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள், ஒன்றைத் தரையில் ஊன்றுவது, முளை அடிப்பது. கூடாரம் அடிப்பதற்கும் அதே சொல், பந்து வந்து குத்தும் ஆடுகளத்துக்கும் அதே சொல். தாருக்குச் சொல்லும் பிட்ச் வேறு வேரிலிருந்து வந்தது, அதை இங்கே கலக்க வேண்டாம். பொறியியலில் இது ஒரே மாதிரி வரிசையாக அமைந்தவற்றின் நடுவே உள்ள தொலைவைக் குறிக்கும்: பல்சக்கரத்தில் பல்லுக்குப் பல், திருகில் புரிக்குப் புரி, சங்கிலியில் ஆணிக்கு ஆணி.

நம் பள்ளி இயற்பியலில் திருகு அளவி பாடத்தில் பிட்ச் வந்தபோது ‘புரியிடைத் தூரம்’ என்று ஆக்கினார்கள். அருமையான ஆக்கம். புரி என்றால் முறுக்கு. கயிற்றில் புரி உண்டு, பூணூல் முப்புரி, சங்கில் வலம்புரி இடம்புரி. திருகின் உடம்பில் ஓடும் வரையும் ஒரு முறுக்குதான், ஆகையால் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே உள்ள தூரம் புரியிடைத் தூரம். சொல்லைக் கேட்ட மாணவனுக்குத் திருகைக் கையில் எடுத்தால் எதிலிருந்து எதுவரை அளக்க வேண்டும் என்பது தெரியும். அந்தச் சொல்லை ஆக்கியவர் திருகைப் பார்த்துவிட்டு ஆக்கியிருக்கிறார்.

செயின் சாவின் சங்கிலியில் புரி எங்கே இருக்கிறது? ஒரு முறுக்கும் இல்லை. தட்டைத் தகடுகளை ஆணி அடித்துக் கோத்த மாலை அது. முறுக்கு விழுந்தால் அந்தச் சங்கிலி பாரில், அதாவது அது சுற்றி ஓடும் நீண்ட பட்டையில், ஏறவே ஏறாது. புரியிடையை அளந்து வா என்று ஒருவரிடம் சொன்னால், அவர் பாரை இறுக்கும் நட்டின் மரையை அளந்துகொண்டு வருவார், அதுவும் நியாயம்தான். அகராதியில் பிட்ச் என்று தேடி, முதலில் கிடைத்ததை எடுத்து வைத்ததன் விளைவு இது. இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில் இதே பிட்ச் ‘சுருதி’ என்று வருகிறது. அதை இயந்திரம் செய்கிறது, அதற்குச் சங்கிலியும் தெரியாது சங்கீதமும் தெரியாது. ஆனால் புரியிடை என்று எழுதுபவர் மனிதர், தமிழ் படித்தவர். அவரிடம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

இதற்கு மாற்றாகச் சிலர் ‘கண்ணியிடை’ என்று எழுதுகிறார்கள். இது புரியிடையைவிட நூறு மடங்கு மேல். சங்கிலிக்குக் கண்ணி என்பது நம் சொல், பூத்தொடுப்பவர் வாயிலும் வலை பின்னுபவர் வாயிலும் இருப்பது. சாதாரண இரும்புச் சங்கிலிக்கு, கிணற்று வாளிச் சங்கிலிக்கு, இந்தச் சொல் போதும். செயின் சாவுக்குப் போதாது. இதில் மூன்று வகைக் கண்ணிகள் மாறி மாறி வருகின்றன: மரத்தை வெட்டும் பல், பாரின் விளிம்பில் ஓடும் பள்ளமான காடிக்குள் இறங்கி ஓடும் நாக்கு, இரண்டையும் பிணைக்கும் வெறும் தகடு. கண்ணியிடை என்றால் எதற்கும் எதற்கும் இடையே? பார்க்கிறவர் கண்ணுக்குப் பல்தான் முதலில் படும். பல்லுக்குப் பல் அளப்பார். வழக்கமான அமைப்பில் ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே நான்கு பிட்ச் இருக்கிறது. முக்கால் அங்குலத்தில் பாதியாக வர வேண்டிய அளவு அவருக்கு ஒன்றரை அங்குலமாக வரும். சொல் தமிழாக இருந்து அளவு தப்பாக வந்தால் அந்தத் தமிழால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே நான் சொல்வது ‘ஆணியிடை’. சங்கிலியைத் தட்டையாக வைத்து, அடுத்தடுத்த மூன்று ஆணிகளைப் பார்த்து, முதல் ஆணியின் நடுவிலிருந்து மூன்றாவது ஆணியின் நடுவரை அளந்து, அதைப் பாதியாக்கினால் கிடைப்பது ஆணியிடை. இரண்டு ஆணியை மட்டும் அளக்கக் கூடாதா என்றால், கூடாது. நாக்கின் இரண்டு துளைகளுக்கு இடையே உள்ள தூரமும், பல் அல்லது தகட்டின் துளைகளுக்கு இடையே உள்ள தூரமும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கினால்தான் சரியான எண் வரும். இதை ஒரு சொல்லுக்குள் அடைக்க முடியாது, விளக்கத்தில் ஒரு வரி எழுதத்தான் வேண்டும். ஆனால் ‘ஆணி’ என்ற சொல் கையை அளக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. கலைச்சொல்லிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

ரிவெட்டை ஆணி என்று சொல்லலாமா, அது தறையாணி அல்லவா என்று ஒரு மறுப்பு வரும். தறையாணி என்பதும் ஆணிதானே. தமிழில் ஆணி சுவரில் அடிப்பது மட்டும் இல்லை. வண்டிக்கு அச்சாணி, ஓலைக்கு எழுத்தாணி, சக்கரத்துக்குக் கடையாணி. ஒன்றை ஒன்றோடு நிறுத்திப் பிடிக்கும் எந்தச் சிறு கம்பியும் ஆணிதான். இன்னொன்றும் உண்டு. பிட்ச்சின் பழைய பொருள் அடித்து ஊன்றுவது என்றேன். அடித்து ஊன்றப்படுவதுதான் ஆணி. ஆங்கிலச் சொல்லின் வேருக்கே புரியைவிட ஆணி கிட்டத்தில் இருக்கிறது. வேர்ச்சொல் ஆராய்ச்சியில் ஆர்வமுள்ளவர்கள் இதையாவது கவனித்திருக்கலாம்.

அளவைச் சொல்வதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது, அதை ஒரு கையேடும் எடுத்தாளவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வட ஆற்காட்டில் எந்தத் தச்சரைக் கேட்டாலும் அங்குலத்தை எட்டாகப் பிரித்து ‘நூல்’ என்பார். எட்டில் மூன்று அங்குலம் என்பது மூணு நூல். நடுத்தர செயின் சாவில் அதிகம் புழங்கும் இரண்டு ஆணியிடைகளில் ஒன்று சரியாக இந்த மூணு நூல்தான். இன்னொன்று 0.325 அங்குலம், அதாவது இரண்டரை நூலுக்குக் கொஞ்சம் கூடுதல். கனத்த மிஷின்களுக்கான 0.404 மூணே கால் நூலுக்குச் சற்றுக் குறைவு. மூன்று ஆணி அளவை டேப்பில் வைத்தால் 0.325 சுமார் 16.5 மி.மீ., மூணு நூல் சுமார் 19 மி.மீ. வரும். ‘எட்டின்கீழ் மூன்று அங்குலப் புரியிடைத் தூரம்’ என்ற வரியையும் ‘ஆணியிடை மூணு நூல்’ என்ற வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒடுகத்தூரில் மரம் வெட்டுகிற யாரிடமாவது காட்டிப் பாருங்கள்.

இரண்டாவது சொல் ‘அளவி’. கேஜ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அளக்கும் கருவி என்றும் ஒரு பொருள் உண்டு, திருகு அளவியில் வரும் அளவி அது. செயின் விஷயத்தில் கேஜ் கருவி இல்லை. நாக்கின் கனம், அந்த நாக்கு இறங்கும் காடியின் அகலம், இரண்டுக்கும் பொதுவான எண். 0.050, 0.058, 0.063 அங்குலம், அதாவது 1.3, 1.5, 1.6 மி.மீ. கனம் என்றாலே போதும். நாக்குக் கனம் என்றால் இன்னும் தெளிவு. கனம் எடையையும் குறிக்குமே என்று தடிமனைச் சொல்லுபவர்கள் சொல்லட்டும், சண்டை இல்லை. அளவி மட்டும் வேண்டாம். ஏனென்றால் ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சிறு மேடு இருக்கிறது, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தடுத்து நிறுத்துவது. ஆங்கிலத்தில் அதற்கும் டெப்த் கேஜ் என்றே பெயர். அதையும் ‘ஆழ அளவி’ என்று எழுதி வைத்தால், அளவியைத் தேய்க்கவும் என்று ஒரு பக்கத்திலும், அளவி பட்டையோடு பொருந்தவும் என்று இன்னொரு பக்கத்திலும் வரும். படிப்பவர் எந்த அளவியை எடுத்து எதில் தேய்ப்பார்? கனம் ஒன்று, ஆழக்கட்டை ஒன்று என்று பிரித்துவிட்டால் குழப்பம் போயிற்று.

கனம் மாறினால் நடப்பது சிறியது இல்லை. காடியைவிட நாக்கு கனமாக இருந்தால் செயின் உள்ளே இறங்காது, அதனால் அதில் ஆபத்து இல்லை. நாக்கு மெலிதாக இருந்தால் இறங்கும், ஓடும், ஆனால் இடமும் வலமும் ஆடும். அறுப்பு கோணலாகப் போகும், பாரின் விளிம்பு தேயும். புரியாத சொல்லை அச்சிட்டதற்கு இப்படி ஒருவர் பாரைப் பறிகொடுக்கக் கூடாது.

மூன்றாவது ‘வழிகாட்டிப் பட்டை’. தவறு என்று சொல்ல மாட்டேன், சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் சொல்வதில்லை. பார் என்கிறார்கள், சிலர் பிளேடு என்கிறார்கள். பிளேடு வேண்டாம், ஏனென்றால் அது எதையும் வெட்டவில்லை. ‘அலகு’ என்று ஒரு நல்ல தமிழ்ச்சொல்லைச் சிலர் முன்வைக்கிறார்கள். அலகும் வெட்டும் பகுதிக்குத்தான் பொருந்தும், போதாததற்குப் பாடநூலில் அது யூனிட் ஆகிவிட்டது. பார் என்றே இருக்கட்டும். சங்கிலிக்குப் பழந்தமிழில் தொடர் என்று பெயர், புறநானூற்றில் கட்டுண்ட நாய் ‘தொடர்ப்படு ஞமலி’. அதற்காகத் தொடர்வாள் என்று இன்று எழுதினால் யாருக்கும் விளங்காது. தூய்மை வேண்டும் என்பவன்தான் நானும். ஆனால் மக்கள் வாயில் ஏற்கெனவே தமிழ் இருக்கும் இடத்தில் (நூல், நாக்கு, காடி, ஆணி, கனம்) அதை எடுக்காமல், அவர்கள் பார் என்று சொல்லும் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு தூய்மை பேசுவது தலைகீழ்.

இனி இந்தச் சொற்களை வைத்து ஒருவர் என்ன வாங்கலாம் என்று பார்ப்போம். 50 சிசி அளவு மிஷினுக்கு 16 முதல் 18 அங்குல பார், 0.325 ஆணியிடை பொருத்தம். பல் சிறியது, ஒவ்வொரு கடியிலும் எஞ்சினுக்குச் சுமை குறைவு. வேம்பு, மா, தைலமரம் எல்லாம் இதில் போகும். 60 சிசி வந்தால் 18 முதல் 20 அங்குலம், மூணு நூல் ஆணியிடை. பழைய புளியமரத்து அடித்தண்டுக்கு அது வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற நினைத்தால் செயினை மட்டும் மாற்ற முடியாது. எஞ்சின் பக்கத்துப் பல்சக்கரமும் பாரின் மூக்கில் உள்ள சக்கரமும் அதே ஆணியிடையில் இருக்க வேண்டும். பாரின் அடிப்பக்கத்து ஓட்டையும் மிஷினின் திருகுகளில் உட்கார வேண்டும். பாலாற்று ஓரச் சீமைக்கருவேலத்தின் அடிமரத்தில் மணலும் மண்ணும் அப்பியிருக்கும். அதற்கு மூலை சதுரமான பல் சீக்கிரம் மழுங்கும், மூலை உருண்ட பல் கூர் நிற்கும். வேகம் சற்றுக் குறைந்தாலும் அதையே வாங்குவது நல்லது.

பல்லைத் தீட்டும் அரமும் ஆணியிடையைப் பொறுத்தது. 0.325க்கு 4.8 மி.மீ. உருண்டை அரம். மூணு நூலுக்குத் தயாரிப்பாளரைப் பொறுத்து 5.2 அல்லது 5.5.

கடையில் கேட்கும் கடைசி எண் நாக்குகளின் எண்ணிக்கை. ஒரு நாக்குக்கு இரண்டு ஆணியிடை என்பதால் சங்கிலியின் முழு நீளம் நாக்கு எண்ணிக்கையை இரட்டித்து ஆணியிடையால் பெருக்கினால் வரும். 72 நாக்கு என்று மட்டும் சொன்னால் போதாது: மூணு நூலில் 72 நாக்கு 54 அங்குலச் சுற்று, 0.325இல் 72 நாக்கு 47 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஓரிகன் என்ற நிறுவனத்தின் செயினில் நாக்கின் மேல் 73 என்று பொறித்திருந்தால் அது எண்ணிக்கை இல்லை. மூணு நூல் ஆணியிடை, 0.058 கனம் என்பதற்கான குறி. 72 என்றால் அதே ஆணியிடையில் 0.050 கனம், 75 என்றால் 0.063. எண்ணிப் பார்க்காமல் குறியைப் படித்துச் சொல்பவருக்கு வேறு நீளம் வந்து சேரும். கடைக்காரர் “பழைய செயின் கீதாண்ணே? எடுத்துனு வாங்க” என்று கேட்பது இதனால்தான். அவர் கேட்பது சரி. ஆனால் செயின் அறுந்து தொலைந்து போனவருக்குக் கையேடுதானே துணை.

தீர்க்க வேண்டிய ஓரிடம் மிச்சம் இருக்கிறது. மூணு நூல் ஆணியிடையிலேயே உயரம் குறைந்த ஒரு செயின் உண்டு, சிறு மிஷின்களுக்கானது, லோ புரொஃபைல் என்பார்கள். ஆணிக்கு ஆணி அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். ஆனால் ஒன்றின் பல்சக்கரத்தில் மற்றொன்று ஒழுங்காக உட்காராது. அதற்கு அரமும் வேறு, 4 மி.மீ. ‘குறைந்த சுயவிவரம்’ என்று இதை ஒரு பக்கத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள், ஆளைப் பற்றிய விவரம் போல. நான் ‘குட்டை மூணு நூல்’ என்று எழுதுகிறேன். மற்றது வெறும் மூணு நூல். அறுவை மில் வைத்திருப்பவர்களும் மிஷின் பழுது பார்ப்பவர்களும் இதைவிட நல்ல சொல் வைத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்வேன்.