நம்பிக்கை இழந்தவர் எந்தக் காட்சியைப் பார்க்கிறார்?

மலேசியாவின் பினாங்கில் மனநல ஆலோசகராகப் பணியாற்றும் நான், ஆலோசனைக்கு வருவோரிடம் அவர்கள் அண்மையில் பார்த்த படங்களைப் பற்றிக் கேட்பது வழக்கம். தன் மனம் விட்டுப்போனதை நேரடியாகச் சொல்லக் கூச்சப்படும் நம்மவர் பலர், ஒரு படத்தில் வரும் அப்பாவையோ அண்ணனையோ முன்னிறுத்தித்தான் தம் நிலையை முதன்முதலில் வெளியே சொல்கிறார்கள். ஆகையால், வீட்டில் சோர்ந்து கிடக்கும் ஒருவர் சோகப் படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்தால், "அதை அடைச்சிட்டு வேற ஏதாச்சும் பாருங்க" என்று அதட்டாமல், அவர் எந்தக் காட்சியில் நிற்கிறார் என்பதைக் கேட்டறியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் வேலை செய்யும் ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்திருந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). 1994இல் வெளிவந்த 'மகாநதி'யைக் கைப்பேசியில் ஓயாமல் பார்த்துத்தான் கணவர் இப்படி ஆகிவிட்டார் என்பது அந்த அம்மாவின் முறையீடு. சீட்டு நிறுவனக்காரனை நம்பி ஏமாந்த கிருஷ்ணசாமி சிறைக்குள் அடைபடும் இடத்திலேயே ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்திவிடுவதாக அவர் சொன்னார். ஏன் அங்கே நிறுத்துகிறீர்கள் என்று கணவரிடம் கேட்டபோது வெகுநேரம் தரையையே பார்த்திருந்துவிட்டு, "பிள்ளைங்க முகத்துல முழிக்க முடியாத இடம் அதுதான், மேடம்" என்றார். மகளின் திருமணத்துக்குச் சேர்த்த பணம் முழுவதும் ஒரு முதலீட்டுத் திட்டத்தில் போய்விட்டதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மனைவிக்கே அன்று அந்த அறையில்தான் தெரிந்தது. படம் அவரை நோயாளி ஆக்கவில்லை. அவரால் சொல்ல முடியாததை அவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது.

சோகம் வேறு, நம்பிக்கையிழப்பு வேறு என்பதை இங்கே தெளிவுபடுத்த விரும்புகிறேன். சோகம் பெரும்பாலும் நடந்து முடிந்ததை எண்ணி அழுவது. நம்பிக்கையிழப்போ, நாளை என்பதில் தனக்கு எதுவும் இல்லை என்று முடிவுகட்டிவிடுவது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை அளந்தறிய 20 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை 1974இல் வெளியிட்டார்கள். அழுகையைவிட இந்த முடிவுகட்டலைத்தான் தற்கொலை அபாயத்தின் அறிகுறியாக நாங்கள் உற்றுக் கவனிக்கிறோம். நன்றாக அழுதுவிட்டு எழுந்து சாப்பிடுபவரைவிட, கண் கலங்காமல் "இனிமே என்ன இருக்கு" என்று அமைதியாகச் சொல்பவரைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம்.

அப்படியானால் படங்களால் தீங்கே இல்லையா? உண்டு. தற்கொலையைப் பரபரப்பாகவும் விரிவாகவும் வெளியிடும்போது, ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருப்பவர்களிடையே அது தொற்றக்கூடும் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் 1974இல் செய்தித்தாள் செய்திகளை ஆராய்ந்து எழுதினார். மாறாக, அதே எண்ணத்துடன் போராடிய ஒருவர் அதிலிருந்து மீண்ட விதத்தைச் சொல்லும் செய்திகள் காக்கும் வல்லமை உடையவையாக இருக்கலாம் என்பதை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். திரைத்துறையினருக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியும், இறக்கும் முறையை விவரித்துக் காட்ட வேண்டாம், ஒரே காரணத்தின் மேல் பழியைப் போட வேண்டாம், மீளும் வழியைக் காட்டுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறது. நம் படங்களில் என்னை மிகவும் வருத்துவது, ஒருவர் இறந்த பிறகு அவரைப் புண்படுத்தியவர்கள் எல்லாரும் கதறி மனம் திருந்துவதாக அமைக்கப்படும் காட்சிதான். துயரத்தில் இருக்கும் இளம் வயதினர், அந்தக் கதறலைத் தாமும் இருந்து பார்ப்போம் என்பதுபோல் கற்பனை செய்துகொள்வதை நான் கேட்டிருக்கிறேன்.

மீளும் வழி என்பது மகிழ்ச்சியான முடிவு அல்ல. அகிரா குரோசாவாவின் 'இகிரு' (1952) படத்தில் புற்றுநோய் கண்ட நகராட்சி அதிகாரி பிழைப்பதில்லை. படம் முடிய வெகுநேரம் இருக்கும்போதே இறந்துவிடுகிறார். ஆயினும், எஞ்சிய நாள்களில் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுப் பூங்கா அமைய வேண்டுமென்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவரைப் பார்த்தபின், பெரிய நம்பிக்கை எதுவும் தேவையில்லை, நாளைக் காலையில் செய்து முடிக்க ஒரு வேலை போதும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நம் நாட்டில் எடுக்கப்பட்ட 'ஜகாட்' (2015) வேறொன்றைக் கற்பிக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் அதில் நம்பிக்கை இழப்பது அழுகையாக வெளிப்படுவதில்லை. குறும்பாகவும் எதிர்த்துப் பேசுவதாகவும் வெளிப்படுகிறது. அடிவாங்கும் பிள்ளையின் முரட்டுத்தனத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிக்காத பெற்றோரும் ஆசிரியரும் அந்தப் படத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

சேர்ந்து பார்ப்பதையே நான் எப்போதும் வற்புறுத்துகிறேன். தூக்கம் கெட்டவர் நள்ளிரவில் தனியாக இப்படிப்பட்ட படங்களைப் பார்ப்பது நல்லதல்ல. படம் முடிந்ததும் அறிவுரை சொல்லத் தொடங்காமல், "அந்த இடத்துல உங்களுக்கு என்ன தோணிச்சு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். பேச்சு "நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்ற பக்கம் திரும்பினாலோ, அவர் தமக்குப் பிரியமான பொருள்களை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒருவர் கிடைத்ததில் பெருமூச்சு விட்டவர்களையே நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். எண்ணம் இருப்பதாகச் சொன்னால் அவரைத் தனியே விடாமல் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற அச்சத்தில் இன்னும் சில குடும்பங்கள் மறைக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. துயரத்தில் இருப்போருக்குச் செவிகொடுக்கும் தன்னார்வ அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரை 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் 'ஹீல்' என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 15555. துயரத்தில் இருப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. அவரை எப்படி அணுகுவது என்று தெரியாமல் தவிக்கும் மனைவியோ தம்பியோ நண்பரோ கூட அழைத்துக் கேட்கலாம்.