பிரான்ஸ் குடியுரிமை: விண்ணப்பிக்கும் முன் ஊரில் சரிசெய்ய வேண்டியவை

போன மாதம் அரியாங்குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். மகன் பாரிஸில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறார், இப்போது பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறார். மஞ்சள் பையிலிருந்து நாலாக மடித்த பிறப்புச் சான்றை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பு கிழிந்த இடத்தில் செலோடேப். பெயர் என்ற கட்டம் காலி. 'ஆண்' என்று மட்டும் இருந்தது.

"ஆஸ்பத்திரியில பதிஞ்சது தம்பி. பேரு அப்புறம்தானே வெச்சோம்" என்றார்.

பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் 'ராஜு' என்று முடிகிறது. சான்றில் 'ராஜ்'. அந்த அம்மாவுக்கோ பிறப்புச் சான்றே கிடையாது. வீட்டில் பிறந்தவர். கல்யாணத்தையும் பதிவு செய்யவில்லை.

பதினெட்டு வருடமாகப் புதுச்சேரியில் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு வேலை, வரி, மொழி எல்லாம் சரியாக இருக்கும். தடுமாறுவது இங்கேதான். குடியுரிமைக் கோப்பில் விண்ணப்பிப்பவரின் பிறப்புச் சான்று மட்டும் போதாது, பெற்றோரின் பிறப்பு அல்லது திருமணச் சான்றும் கேட்பார்கள். இந்தியச் சான்று என்றால் அப்போஸ்தில் முத்திரையும் (சான்று உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்க நம் வெளியுறவு அமைச்சகம் இடும் முத்திரை) முறையான மொழிபெயர்ப்பும் வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. குடியுரிமை கிடைத்ததும் நாந்த் நகரிலுள்ள மத்திய குடிமைப் பதிவு அலுவலகம் உங்களுக்குப் புதிதாக ஒரு பிரெஞ்சுப் பிறப்புப் பதிவு எழுதும். நீங்கள் கொடுத்த சான்றைப் பார்த்துத்தான் எழுதும். இங்கே விட்ட ஓர் எழுத்து அங்கே உங்கள் பிள்ளையின் பதிவு வரைக்கும் போகும். நம் இனிஷியல் வழக்கமும் சேர்ந்துகொள்ளும். பிரான்ஸில் குடும்பப் பெயர் கட்டாயம் கேட்பார்கள். நம் பாஸ்போர்ட்டிலோ அந்தக் கட்டம் பல பேருக்குக் காலியாக இருக்கிறது, அல்லது அப்பா பெயர் இருக்கிறது. ஒரே வீட்டில் கணவர், மனைவி, பிள்ளை மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர் வந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் சரிசெய்ய வழி இருக்கிறது. பெயர் விடுபட்டிருந்தால் 1969 பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் சேர்க்கலாம். எழுத்துப் பிழைக்கு 15-ஆம் பிரிவு. பிறப்பே பதியாமல் ஓர் ஆண்டு தாண்டியிருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். நகராட்சிக்கும் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் அலைய மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே அங்கே விண்ணப்பம் அனுப்பும் முன்பே இங்கே தொடங்கிவிடுங்கள். மொழி விஷயமும் அப்படித்தான். ஐரோப்பிய மொழித் தேர்ச்சி அளவுகோலில் பி1-க்கு அடுத்த படி பி2. 2026 ஜனவரி 1 முதல் குடியுரிமைக்கு பி2 அளவு பிரெஞ்சு வேண்டும், அதற்கு முன்பு பி1 போதுமானதாக இருந்தது.

'தாத்தா பிரெஞ்சுக் குடிமகன், எனக்கும் வாங்கித் தருகிறேன்' என்று ஆசை காட்டும் ஆட்கள் நம் ஊரில் குறையவில்லை. புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த இணைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையில் தொடர வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தாத்தா அப்படி எழுதிக் கொடுத்த காகிதத்தை முதலில் தேடுங்கள். அது இருந்தாலும், குடும்பம் ஐம்பது ஆண்டுக்கு மேல் பிரான்ஸுக்கு வெளியே இருந்து, பிரெஞ்சுக் குடிமக்களாக நடந்துகொண்ட அடையாளமும் இல்லையென்றால், வம்சாவளியைக் காட்டி நிரூபிக்க பிரெஞ்சுச் சட்டம் இடம் தராது. காகிதத்தைப் பார்க்காமலேயே முன்பணம் கேட்கிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. குடியுரிமை வாங்காமல் பிரான்ஸின் பத்தாண்டு வசிப்பு அட்டையோடு நின்றால் இந்தியப் பாஸ்போர்ட் உங்களுடையதுதான். குடியுரிமை வாங்கினால், 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பிறகு பழைய பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அதை வைத்து வாக்களிக்க முடியாது, பாகூர் பக்கம் நஞ்சை நிலம் விலைக்கு வாங்கவும் முடியாது. அப்பாவின் நிலம் வாரிசாக வந்தால் தடையில்லை. வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. பிள்ளை அங்கே தனியாக முடிவெடுத்துவிட்டு, பெற்றோர் பிறகு கேட்டுக் கலங்கி என்னிடம் வருவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்த அம்மா மகனுடைய பெயரைச் சேர்க்க எழுதிக் கொடுத்துவிட்டார். தன் பிறப்பைப் பதிய மாஜிஸ்திரேட் உத்தரவுக்காகக் காத்திருக்கிறார். அதுவரை எதையும் அனுப்ப வேண்டாம் என்று மகனிடம் போனில் சொல்லிவிட்டேன், சரி என்றிருக்கிறார்.