மன்னித்துவிடு என்று சொல்வதற்கு முன்

மனம் நொந்தவர்கள் நேராக மருத்துவ உளவியலாளரைத் தேடி வருவது நம் ஊரில் குறைவு. கோயில், தர்கா, ஜெபக் கூட்டம், தியான வகுப்பு, ஊரில் மதிப்புள்ள பெரியவர் என்று பல படிகள் ஏறி இறங்கிய பிறகுதான் எங்கள் அறைக்கு வருகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அந்த இடங்களில் கிடைக்கும் ஆறுதல் உண்மையானது என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஆனால் அங்கே சொல்லப்படும் சில நல்ல வார்த்தைகள், சொல்லப்படும் நேரத்தினாலும் சொல்கிறவரின் அவசரத்தினாலும், கேட்பவரை இன்னும் ஆழமாக நோகடிப்பதையும் சேர்த்தே பார்க்கிறேன். அவற்றில் முதலாவது, ‘மன்னித்துவிடு’.

நாற்பதுகளில் உள்ள ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவனின் அடி தாங்காமல், கைக்குழந்தையுடன் ஓர் இரவு பிறந்த வீட்டு வாசலுக்கு வந்து நின்றவர் அவர். அண்ணன் கேட்டைத் திறக்கவில்லை. “ஊர் என்ன பேசும்? விடிந்ததும் உன் வீட்டுக்குப் போய்விடு” என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டார். அதன்பின் அவர் தனியாக வேலை தேடி, தனியாகவே பிள்ளையை ஆளாக்கினார். காலம் ஓடியது. அப்பா காலமானதும், திறக்காத அந்தக் கேட்டுக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பற்றிய பேச்சு வந்தது. தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தங்கை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பங்கும் அண்ணன் பெயருக்கு வந்துவிடும். படுக்கையில் இருக்கும் அம்மா, “அண்ணனை மன்னித்துவிடு, நான் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன்” என்றார். சித்தப்பா, அத்தை, பக்கத்து வீட்டு மாமி என்று எல்லோர் வாயிலும் அதே பாட்டு.

மனதை அடக்கலாம் என்று அவர் ஒரு தியான வகுப்பில் சேர்ந்தார். விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. கேட்டுக்கு உள்ளேயிருந்து வந்த அந்தக் குரல் கேட்கிறது. ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறார். “உங்களுக்குள் வன்மம் இருக்கிறது. மன்னிக்காதவரை மனம் அடங்காது” என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். கேட்ட முதல் கேள்வி, “மேடம், நான் அவ்வளவு கெட்டவளா?”

இரண்டாம் முறை வந்தபோது கைப்பையிலிருந்து ஆவண எழுத்தர் தயாரித்த நகலை எடுத்து மேசையில் வைத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. ஒரு வரியை மட்டும் எனக்குப் படித்துக் காட்டினார்: “எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனதுடன் எழுதிக்கொடுக்கிறேன்.” படித்துவிட்டு, அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

அவரிடம் கேட்கப்பட்டது மன்னிப்பே இல்லை. ஒரு கையெழுத்து. அதற்கு மன்னிப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நம் குடும்பங்களில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. மன்னிப்பது என்பது ஒருவர் தன் மனதுக்குள் சுமந்துகொண்டிருக்கும் பகையை இறக்கிவைப்பது. அது அவருடைய சொந்த விஷயம். எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. உறவைப் புதுப்பிப்பது வேறு. அதற்கு இரண்டு பேர் வேண்டும். தவறு செய்தவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும், மறுபடி செய்யமாட்டார் என்ற நம்பிக்கை பிறக்க வேண்டும். உரிமையை விட்டுக்கொடுப்பது முற்றிலும் வேறு. அண்ணனை முழு மனதோடு மன்னித்துவிட்டு, தன் பங்கைச் சட்டப்படி கேட்பதில் எந்த முரண்பாடும் கிடையாது. மகள்களுக்கும் சமமான பங்கு என்று 1989-ல் தமிழ்நாடும் 2005-ல் நாடாளுமன்றமும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியிருக்கின்றன. சட்டம் கொடுத்ததைக் கேட்கும் பெண்ணை ‘மன்னிக்கத் தெரியாதவள்’ என்று வீட்டுக்குள் தீர்ப்பெழுதுவது என்ன நியாயம்? அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போகச் சொல்வதற்கும் இதே சொல்தான் பயன்படுகிறது. ‘மன்னித்துவிடு’ என்றால் அங்கே ‘வாயை மூடிக்கொள்’ என்றே பொருள்.

மன்னிப்பையே வாழ்நாள் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டவர்கள் இதில் எச்சரிக்கையாக இருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் என்ரைட் உருவாக்கிய மன்னிப்புச் சிகிச்சையில் நான்கு கட்டங்கள் உண்டு. மன்னிப்பது என்ற முடிவே இரண்டாம் கட்டத்தில்தான் வருகிறது. முதல் கட்டம் முழுக்க, புதைத்துவைத்த கோபத்தையும் அவமானத்தையும் வெளியே எடுத்துப் பார்ப்பது. நம் வீடுகளில் அந்த முதல் கட்டத்தைத்தான் யாரும் அனுமதிப்பதில்லை. எவரெட் வொர்திங்டன் என்ற இன்னொரு உளவியலாளரின் தாய் கொள்ளையர் கையில் கொலையுண்டார். வொர்திங்டன் மன்னிப்பைப் பற்றி ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்தவர். பழிவாங்கப் போவதில்லை என்று முடிவெடுப்பது ஒன்று, உள்ளிருக்கும் கசப்பு வடிவது மற்றொன்று என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். முன்னதை ஒரே நாளில் செய்துவிடலாம். பின்னது தன் வேகத்தில்தான் நடக்கும். கட்டாயப்படுத்தினால் நின்றே போகும்.

வள்ளுவரைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. தோண்டுகிறவனையும் தாங்கும் நிலத்தைப் போல இரு என்று அந்தப் பெண்மணிக்குக் குறள் சொன்ன உறவினர் ஒருவர் இருந்தார். அதே வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளில் என்ன சொல்கிறார்? தன் கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அதைத் தடுத்துக்கொள்பவனே உண்மையில் சினம் காப்பவன். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்கிறார். பொறுமை வலிமையுள்ளவரிடம் இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு. வேறு போக்கிடம் இல்லாதவரிடமிருந்து பிடுங்கும் மன்னிப்பை அவர் எங்கேயும் புகழவில்லை. அரசவைக்கே போய் நீதி கேட்ட கண்ணகியைத் தெய்வமாகக் கும்பிடும் மக்கள் நாம். இதையும் உறவுக்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண்மணி பல வாரங்கள் தொடர்ந்து வந்தார். கோபப்பட்டார், அழுதார், கேட்டுக்கு வெளியே நின்ற அந்த இரவைத் தயங்காமல் முழுசாகச் சொல்லிமுடித்தார். ஒரு வழக்கறிஞரைப் பார்த்து விவரம் கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவிடம் போய், “அண்ணன் கெட்டுப்போக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்க மாட்டேன். கையெழுத்து மட்டும் இப்போது போட மாட்டேன், அம்மா” என்றார். அம்மா கோபித்துக்கொண்டார். ஆனாலும் வாரந்தோறும் போய் அம்மாவுக்குத் தலைசீவி விட்டுவருகிறார். அண்ணனை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை. அது என் கேள்வி அல்ல.

தியானத்துக்கு வருகிறேன். நான் தியானத்தின் பக்கம் நிற்பவள். அமெரிக்க ஆய்வாளர் ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் நாள்பட்ட வலியுள்ளவர்களுக்காகத் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சியிலிருந்து, திரும்பத் திரும்ப மனச்சோர்வு வருபவர்களுக்கான பயிற்சிவரை, இதன் பயனுக்கு நல்ல சான்றுகள் உள்ளன. பதற்ற நோய் உள்ளவர்களுக்கு இந்த எட்டு வாரப் பயிற்சி, வழக்கமாகத் தரும் ஒரு மாத்திரைக்குக் குறையாத பலன் தந்ததாக 2022-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் கலந்துகொண்டவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் கற்று, வீட்டிலும் தினமும் முக்கால் மணி நேரம் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் கண்ணை மூடியதும் எல்லோருக்கும் அமைதி வரும் என்பது பொய். வெளிச் சத்தம் அடங்கும்போது உள்ளே அடக்கிவைத்தது மேலே வருகிறது. அடி, பாலியல் வன்முறை, விபத்து, திடீர் மரணம் ஆகியவற்றைப் பார்த்தவர்களுக்கு அது பழைய நினைவாக வருவதில்லை. இப்போதே நடப்பதைப் போல உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு வருகிறது. நீண்ட காலம் தியானம் செய்தவர்களிடமே அச்சம், தூக்கமின்மை, தன்னிலிருந்து தான் விலகிப்போன உணர்வு போன்றவை ஏற்பட்டதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் விரிவாகப் பதிவு செய்தார்கள். பழைய ஆசிரியர்களுக்கும் இது தெரியாததல்ல. பத்து நாள் விபாசனா முகாமுக்கு விண்ணப்பிக்கும்போதே மனநோய் வரலாறு உண்டா என்று கேட்டுவிடுகிறார்கள். மதயானையைக்கூட வசப்படுத்திவிடலாம், சிங்கத்தின் முதுகில் ஏறிக்கொள்ளலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று தாயுமானவரே பாடியிருக்கிறார். வகுப்பில் சேர்ந்த இரண்டே வாரத்தில் மனம் அடங்காததைக் குற்றமாக எண்ணி யாரும் தலைகுனிய வேண்டாம்.

அந்தப் பெண்மணியுடன் நான் தொடங்கியது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யும் பயிற்சி. இரண்டு பாதங்களும் தரையில் அழுந்தியிருக்க வேண்டும். கையில் ஓர் எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர். உள்ளங்கையில் அதன் குளிர்ச்சியை மட்டும் கவனிக்கச் சொன்னேன். பிறகு அறையில் கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாக மெல்லச் சொல்லச் சொன்னேன்: மின்விசிறி, சன்னல் கம்பி, நாட்காட்டி, என் செருப்பு. இரண்டு மூன்று நிமிடம்தான். நெஞ்சு அடைப்பதைப் போலிருந்தால் உடனே நிறுத்தலாம், எழுந்து நடக்கலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. உட்கார முடியாதவர்கள் மொட்டை மாடியில் மெதுவாக நடந்தபடி பாதம் தரையைத் தொடுவதைக் கவனிக்கலாம். சிலருக்குப் பாராயணமோ ஜெபமாலையோ தஸ்பீஹோ இதைவிட நன்றாகக் கைகொடுக்கிறது. வாய்க்கும் விரலுக்கும் வேலை இருப்பதால் மனம் தனியாக விடப்படுவதில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தியான முகாம் முடித்த உற்சாகத்தில் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, சில வாரங்களில் தூக்கமெல்லாம் போய், முன்பைவிட மோசமான நிலையில் திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு உள்ளவர்களுக்கு இது உயிராபத்து. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருந்து எழுதிய மருத்துவருடன் பேசித்தான் நடக்க வேண்டும். ‘நம்பிக்கை இருந்தால் மருந்து எதற்கு’ என்று சொல்லும் ஆன்மிக வழிகாட்டி, அடுத்தவர் உயிரைப் பணயம் வைத்துப் பேசுகிறார்.

வாழ்க்கையின் நோக்கம் என்ன என்ற கேள்வியுடன் வருகிறவர்களும் உண்டு. பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டவர்கள், துணையை இழந்தவர்கள். தத்துவம் பேசும் முன்பு நான் சில சாதாரணக் கேள்விகளைக் கேட்டுவிடுவேன். இந்தக் கேள்வி எப்போதிலிருந்து வருகிறது? இரவு எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? சாப்பாடு ருசிக்கிறதா? விடியும் முன்பே விழித்துக்கொண்டு, பசியும் இல்லாமல், ‘எதற்காக இருக்கிறேன்’ என்று கேட்பவருக்கு முதலில் தேவை மனச்சோர்வுக்கான சிகிச்சை. அதை ஞானத் தேடல் என்று நினைத்துக் குடும்பம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

அப்படி நோய் எதுவும் இல்லாதபோது அந்தக் கேள்வி அருமையானது. நாஜி வதைமுகாம்களில் பெற்றோரையும் மனைவியையும் பறிகொடுத்து மீண்ட மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், வாழ்க்கையிடம் பொருள் கேட்பதைவிட, இன்றைக்கு வாழ்க்கை நம்மிடம் என்ன கேட்கிறது என்று பார்க்கச் சொன்னார். செய்ய வேண்டிய ஒரு வேலை, நேசிக்க ஓர் உயிர், தவிர்க்க முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதம் என்று அவர் காட்டியவை எல்லாமே கைக்கு எட்டுபவை. வள்ளலார் வடலூரில் 1867-ல் ஏற்றிய அடுப்பு இன்னும் பசித்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. என்னிடம் வந்த ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தெருவில் உள்ள பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். நோக்கம் கிடைத்துவிட்டதா என்று அவர் பிறகு பேசவேயில்லை. வகுத்தல் கணக்கில் ஒரு பையன் தடுமாறுவதைப் பற்றித்தான் பேசினார்.

தியானம் சொல்லித்தருபவர்களுக்கும், பஞ்சாயத்துப் பேசும் பெரியவர்களுக்கும், அருள்வாக்குச் சொல்பவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒருவரிடம் ‘மன்னித்துவிடு’ என்று சொல்ல வாயெடுக்கும் முன்பு, அவருக்கு நடந்தது என்ன என்று முழுசாகக் கேளுங்கள். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்று கேளுங்கள். நடந்துகொண்டிருந்தால் முதலில் அவருக்கு வேண்டியது பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அவரிடம் கொடுங்கள். அவர் மன்னிப்பதால் யாருக்கு லாபம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். தவறு செய்தவரிடம் போய் ‘மன்னிப்புக் கேள்’ என்று சொன்னீர்களா என்பதையும்.

கண்ணை மூடினால் பயம் பெருகுகிறவர்கள், மாத்திரையை நிறுத்திவிட்டுத் தூக்கமில்லாமல் தவிப்பவர்கள், உயிரோடு இருப்பதே பாரமாகத் தெரிகிறவர்கள் அடுத்த வகுப்புவரை காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. புறநோயாளிச் சீட்டு வாங்கும் இடத்தில் ‘மனநலப் பிரிவு’ என்று சொன்னால் போதும், வழிகாட்டுவார்கள்.