குரோசான்: சொல்லும் பொருளும்

குரோசான் என்பது, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த மைதா மாவுக்குள் வெண்ணெயை ஏடு ஏடாகப் பொதிந்து, முக்கோணங்களாக வெட்டிச் சுருட்டிச் சுட்டெடுக்கும் பிரெஞ்சுப் பண்டம். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பகுதிகளில் கையால் மாவு தேய்த்துச் சுடும் சிறு பேக்கரிகளில் இது காலையில் சூடாகக் கிடைக்கிறது. பெயர்தான் குரோசான்ட், குவாசான் எனப் பலவாறு எழுதப்படுகிறது. பிரெஞ்சில் இறுதி டகரம் ஒலிப்பதில்லை. தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வாராது என்பதால் உகரம் துணையாக வந்து சேர்கிறது. ஆகவே குரோசான் என்று எழுதுவதே தமிழ் நாவுக்கு இசைவானது.

பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்கு ‘வளர்வது’ என்று பொருள். வளர்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, முதலில் வளரும் நிலவுக்கும், பின் அந்நிலவின் வளைந்த வடிவுக்கும், கடைசியில் அவ்வடிவில் சுட்ட பண்டத்துக்கும் பெயராயிற்று. நம்முடைய ‘வளர்பிறை’ அந்தப் பொருளை அப்படியே தாங்கி நிற்கிறது.

பண்டத்தின் வேர் ஆஸ்திரியாவில் உள்ளது. அங்கே பிறை வடிவில் சுடப்படும் கிப்ஃபெர்ல் என்ற ரொட்டி மிகப் பழையது. 1683-இல் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியர் தோற்றதைக் கொண்டாடவே இந்த வடிவம் உண்டானது என்ற கதை இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கிப்ஃபெர்ல் அதற்கு முன்பே வழக்கில் இருந்ததால் அக்கதையை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆஸ்திரியப் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த ஆகஸ்ட் சாங், 1830-களின் இறுதியில் பாரிசில் வியன்னா முறைப் பேக்கரி ஒன்றைத் திறந்தார். அங்கிருந்தே பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கைக்கொண்டனர். இன்று நாம் உண்ணும் ஏட்டு வடிவம் நிலைபெற்றது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

அந்த ஏடுகளே இதன் உயிர். மாவுக்குள் வெண்ணெயை வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடிக்க வேண்டும். இதை மூன்று முறை செய்தால் ஒரே வெண்ணெய்ப் படலம் 27 ஏடுகளாகிவிடும். அடுப்பின் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகி ஏடுகளைப் பிரித்துத் தூக்க, ஈஸ்ட் உண்டாக்கிய வாயு உள்ளே வெளிகளை விரிக்கிறது. நன்றாக வந்த குரோசானைக் குறுக்கே வெட்டினால் உட்புறம் தேன்கூடு போலத் தெரியும். மேலோடு விரல் பட்டாலே பொருபொருவென உதிரும். நம் பேக்கரிகளின் முட்டை பஃப்ஸும் ஏடு ஏடானதுதான் என்றாலும், அதில் ஈஸ்ட் இல்லை. தேய்க்கும்போது வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டால் ஏடே இராது; ஆகவே சமவெளியில் குளிரூட்டிய அறையில் செய்யும் வேலையை, ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியின் காலைக் குளிர் எளிதாக்குகிறது. அதே உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் மாவு விரைவில் பொங்கிவிடும். அதைக் கவனித்துப் பக்குவம் பார்ப்பதில்தான் மலையில் வேலை செய்யும் மாஸ்டரின் கைத்திறம் இருக்கிறது.

ஊட்டி வர்க்கி இங்கே நினைவுக்கு வராமல் இராது. விறகடுப்பில் மொறுமொறுவெனச் சுடப்படும் அந்த ஏட்டுப் பண்டத்தின் பெயரை, இலை, தாள் ஆகியவற்றைக் குறிக்கும் அரபுச் சொல்லான ‘வரக்’ வழியாக உருதுவில் வந்ததாகக் கொள்வது பொருந்தும். குரோசான் வடிவால் பெயர் பெற்றது. வர்க்கியோ ஏட்டால் பெயர் பெற்றது.

இனித் தமிழ்ச் சொல். பேக்கரிக்கு அடுமனை என்பது நல்ல சொல். சமைத்தலைக் குறிக்கும் ‘அடு’ என்ற வினையே அடுப்பிலும், சமையலறையைக் குறிக்கும் அட்டிலிலும் இருக்கிறது. இலங்கைத் தமிழர் வெதுப்பகம் என்பர். குரோசானுக்குப் பிறை ரொட்டி என்பதையே நான் பரிந்துரைப்பேன். அர்ஜென்டினாவில் இத்தகைய பண்டத்தை ‘அரைநிலா’ என்றும், இத்தாலியில் ‘சிறுகொம்பு’ என்றும் தத்தம் சொல்லாலேயே அழைக்கிறார்கள். வெண்ணெயில் செய்ததைப் பிரான்சில் பெரும்பாலும் நேராகவே விடுவதால் பிறை என்பது பொருந்தாது என்று சிலர் கருதலாம். அங்கும் பெயர் மாறவில்லை என்பதே அதற்கு மறுமொழி. அதே மாவில் சாக்லேட்டை வைத்துச் செவ்வகமாக மடித்துச் சுடுவதற்குப் பிரெஞ்சிலேயே வேறு பெயர் உண்டு. அதைப் பிறை ரொட்டி என்று எழுதுவது பிழை, சாக்லேட் ரொட்டி என்பது போதும்.