மேற்கோளுக்குள் போட்டால் சர்வரில்தான் ஓடும் என்று யார் சொன்னது?

போன வாரம் மறுபடியும் ஒரு போன். "சார், சர்வர்ல பேக்கப் எதையுமே காணோம்." ஸ்கிரிப்டை அனுப்பச் சொன்னேன், பார்த்ததும் புரிந்துவிட்டது. இந்த வருடம் இதே கதை எனக்கு மூன்றாவது தடவை.

எஸ்எஸ்ஹெச்சுக்கு (இங்கிருந்தே வேறொரு கணினியில் கட்டளை ஓட்டும் கருவி) பின்னால், இரட்டை மேற்கோளுக்குள், இரண்டே கட்டளைகள். டாலர் குறி போட்ட ஒரு வேரியபிளில் (மதிப்பைத் தாங்கும் ஒரு பெயர்) இருக்கும் ஃபோல்டருக்குப் போக சிடி, அப்புறம் ஒரு செமிகோலன் போட்டு அங்கே இருப்பதையெல்லாம் அழிக்க நட்சத்திரக்குறியோடு ஆர்எம். அந்த வேரியபிளோ சர்வரில்தான் இருக்கிறது, எழுதிய தம்பியின் லேப்டாப்பில் இல்லை. ஆக சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் சிடி. வெறும் சிடி எங்கே போகும்? ஹோமுக்கு, அதாவது உள்ளே நுழைந்தவரின் சொந்த ஃபோல்டருக்கு. பேக்கப் முழுக்க அந்த ஹோமில்தான் இருந்தது. (புள்ளியில் தொடங்கும் ஃபைல்களை நட்சத்திரக்குறி தொடாது, அதனால் சர்வருக்குள் நுழையும் சாவிகள் தப்பின, உள்ளேயாவது போக முடிந்தது.)

"மேற்கோளுக்குள் இருந்தால் அங்கேதானே சார் ஓடும்?" இல்லை. இரட்டை மேற்கோள் என்றால் உங்கள் ஷெல் (லேப்டாப்பில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) முதலில் பிரித்துப் படித்து, டாலர் போட்ட இடத்தையெல்லாம் தானே நிரப்பிவிட்டுத்தான் அனுப்பும். ஒற்றை மேற்கோள் ஒட்டிய கவர், பிரிக்காமல் போகும். நம்பாவிட்டால் இரட்டை மேற்கோளுக்குள் எக்கோ (கொடுத்ததைத் திரையில் காட்டும் கட்டளை), டாலர், அடைப்புக்குறிக்குள் ஹோஸ்ட்நேம் என்று போட்டு ஓட்டிப் பாருங்கள், உங்கள் லேப்டாப் பெயர்தான் வரும். ஹியர்டாக்கிலும் (பல வரிகளை இரண்டு ஈஓஎஃப் குறிகளுக்கு நடுவே கொடுக்கும் முறை) இதே கதைதான், முதல் ஈஓஎஃப்பை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் எல்லாம் இங்கேயே நிரம்பிவிடும்.

செமிகோலனை விட்டுத்தொலையுங்கள். இரண்டு ஆம்பர்சண்ட் போட்டால் சிடி தோற்றதும் வேலை நின்றுவிடும். ஆனால் வேரியபிள் காலியாக இருந்தால் அதுவும் காப்பாற்றாது, ஏனென்றால் ஹோமுக்குப் போவதும் சிடிக்கு வெற்றிதான். உங்கள் ஸ்கிரிப்டின் தலையில் எழுதிய செட் மைனஸ் ஈ (ஒரு கட்டளை தோற்றதும் நிறுத்தச் சொல்வது) சர்வருக்குப் போகாது, அங்கே ஓடும் பகுதியிலும் முதல் வரியாக எழுத வேண்டும். இல்லையென்றால் கடைசிக் கட்டளையின் பதில் எண்தான் (0 என்றால் வெற்றி) திரும்பி வரும். கடைசி வரி "முடிந்தது" என்று ஒரு எக்கோ என்றால் எப்போதும் 0தான். 255 வந்தால் பெரும்பாலும் எஸ்எஸ்ஹெச்சே போய்ச் சேரவில்லை.

வைல் லூப்பில் (வரிவரியாகப் படித்து ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) பத்து சர்வர் பட்டியல் கொடுத்து முதல் சர்வரோடு நின்றுவிடுகிறதா? மீதிப் பட்டியலை எஸ்எஸ்ஹெச்சே படித்துத் தின்றுவிட்டது, எஸ்எஸ்ஹெச்சோடு மைனஸ் என் சேருங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அழிக்கும் வரியை முதல் தடவை ஓட்டும்போது ஆர்எம்முக்கு முன்னால் ஒரு எக்கோ போட்டு, என்னென்ன அழியப்போகிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.