சாய்ந்த எழுத்து ஓடுவதுபோல் தெரிவது ஏன்?

கோலாலம்பூர் செந்தூலில் ஃபுட்சால் (சிறு மைதானக் கால்பந்து) ஆடும் என் அக்காள் மகனின் குழுவுக்குப் பெயர் 'புயல்'. ஜெர்சியின் முதுகில் அது தடித்த, சாய்ந்த எழுத்தில் வேண்டும் என்று பையன்கள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குப் போனார்கள். "இது ஒரு கிளிக் வேலைதான் தம்பி" என்று கடைக்காரர் கணினியில் 12 டிகிரி சாய்த்துக் கொடுத்துவிட்டார். பு நன்றாகவே இருந்தது. ல் மட்டும் காற்று இறங்கிய டயர் மாதிரி இருந்தது.

சாய்ப்பு என்பது சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளுவது போன்றது. அடிச்சீட்டு அசையாது, மேலே போகப்போக நகர்வு கூடும். 10 செ.மீ. உயர எழுத்தை 12 டிகிரி சாய்த்தால் உச்சி சுமார் 2.1 செ.மீ. வலப்பக்கம் போகும். எழுத்தின் பரப்பளவு மட்டும் மாறாது. வில்லங்கமே அதில்தான். கீழ் இடமிருந்து மேல் வலமாக ஏறும் கோடு இழுபட்டு நீள்கிறது. பரப்பு அதேதான் என்பதால் மெலிந்தாக வேண்டும். 45 டிகிரியில் ஏறும் கோடு ஏறக்குறைய 10 சதவீதம் மெலியும். எதிர்ப்பக்கம் சரியும் கோடு குறுகி, 11 சதவீதம் பருக்கும். செங்குத்துக் கோட்டுக்கு இழப்பு 2 சதவீதம்தான், படுக்கைக் கோட்டுக்கு ஒன்றுமே இல்லை. பு முழுக்கச் செங்குத்துக் கோடும் படுக்கைக் கோடும் என்பதால் தப்பித்தது. ல முழுக்க வளைவு. அதன் தலையில் இருக்கும் புள்ளியும் முட்டையாகிவிட்டது. எழுத்து தடிமனாக இருக்க இருக்க இந்தக் கோணல் கண்ணை உறுத்தும்.

சரி, சாய்ந்தால் வேகம் என்று நமக்கு யார் சொன்னது? ஓடுகிறவன் முன்னால் சாய்கிறான் என்பது ஒரு காரணம். கேமராவுக்கும் இதில் பங்கு உண்டு. கேஎல் சென்ட்ரலிலிருந்து பங்சார் போகும் எல்ஆர்டி ரயிலில் போனைப் படுக்கையாகப் பிடித்து, பக்கத்தில் ஓடும் கம்பங்களைப் படமெடுத்துப் பாருங்கள், சாய்ந்திருக்கும். போன் முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிப்பதில்லை, வரி வரியாகப் படிக்கிறது. கடைசி வரிக்கு வருவதற்குள் கம்பம் நகர்ந்துவிடுகிறது. அதே சீட்டுக்கட்டு!

சில பழைய கேமராக்களிலும் இப்படித்தான், படம் பதியும் தகட்டின் முன்னால் ஒரு பிளவு நகரும். பிரெஞ்சுக்காரர் லார்டீக் 1910களில் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டையாக முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். காரோடு சேர்த்துக் கேமராவையும் அவர் திருப்பியதால், வேடிக்கை பார்க்கிறவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்பார்கள். பார்த்தாலே காரின் இரைச்சல் காதில் விழுகிற படம் அது.

அச்சில் சாய்வெழுத்து வந்ததற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. 1501-இல் வெனிஸில் பதிப்பாளர் ஆல்டுஸ் மனுத்தியுஸ் வெளியிட்ட நூலுக்காக அச்செழுத்துக் கலைஞர் கிரிஃபோ செதுக்கிய சாய்வெழுத்து, கையெழுத்தைப் பார்த்துச் செய்தது.

நல்ல எழுத்துரு வடிவமைப்பாளர் சாய்த்ததோடு விடமாட்டார். மெலிந்த வளைவுக்குச் சதை போடுவார், பருத்ததைச் செதுக்குவார், சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபடாமல் திறந்துவிடுவார். பையன்கள் மறுபடியும் கடைக்குப் போனதும் அந்தக் கடைக்காரரும் ல் ஒன்றை மட்டும் எடுத்து, புள்ளிபுள்ளியாக இழுத்து அரை மணி நேரம் திருத்தினார். அப்புறம்தான் வினைல் வெட்டும் மெஷினைத் தட்டினார்.