ஒரு சுவரெழுத்து எத்தனை நாள் நிற்கும்?

2018இல் இத்தாலியில், எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பெயியில் அகழாய்வு செய்துகொண்டிருந்தவர்கள், ஒரு வீட்டுச் சுவரில் யாரோ கரித்துண்டால் கிறுக்கிவிட்டுப் போன ஒரு வரியைக் கண்டார்கள். அதில் தேதி இருந்தது: அக்டோபர் 17. ஆண்டு இல்லை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தது ஆகஸ்ட் 24ஆம் தேதி என்றுதான் அதுவரை பரவலாகச் சொல்லிவந்தார்கள். ஆனால் கரிக்கோடு சுவரில் அதிக நாள் தங்காது. கை பட்டால் அழியும், ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. எனவே அது எழுதப்பட்ட கொஞ்ச நாளிலேயே நகரம் சாம்பலுக்குள் புதைந்திருக்க வேண்டும், வெடிப்பு நடந்தது அக்டோபர் கடைசியில்தான் என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்துக்குப் பலம் கொடுத்ததே கரியின் பலவீனம்தான்.

தெருக்கலை என்றாலே சட்டம், போலீஸ், அபராதம் என்றுதான் பேச்சு போகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேதியியல். ஒரு சுவரெழுத்து எத்தனை நாள் நிற்கும், எப்படி நிறம் மாறும், அழித்த பிறகும் ஏன் நிழலாகத் தெரியும் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது பெயின்டும் சுவரும் வெயிலும்தான்.

கரியில் இருப்பது நிறமி மட்டுமே. நிறமி என்பது நிறமுள்ள நுண்ணிய தூள். அதற்குத் தானாக ஒட்டத் தெரியாது. பெயின்டில் அதோடு இன்னும் இரண்டு சேர்கின்றன. தூளைச் சுவரோடு பிடித்து வைக்கும் பிசின் ஒன்று, அந்தப் பிசினை இளக்கி வைத்திருக்கும் கரைப்பான் இன்னொன்று. கரைப்பான் காற்றில் பறந்துபோகும். பிசின் இறுகி, நிறமியை உள்ளே சிறைவைத்த மெல்லிய படலமாகும்.

இந்த மூன்றையும் ஒரு தகர டப்பாவுக்குள் அடைத்துப் பீச்சலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எட் சைமோர். ஆண்டு 1949. ரேடியேட்டர்களுக்கு அடிக்கும் அலுமினிய பெயின்ட்டை வாடிக்கையாளர்களுக்குக் காட்ட ஒரு சுலபமான வழி தேடிக்கொண்டிருந்தார். யோசனை சொன்னது அவருடைய மனைவி. தெருக்கலைக்கும் இதற்கும் அன்று எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஸ்ப்ரே கேனுக்குள் பெயின்ட்டோடு புரொப்பேன், பியூட்டேன் போன்ற வாயு, அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. முன்பு இந்த வேலையைச் செய்த குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரித்ததால் கைவிடப்பட்டன. திரவ வாயுவை வைப்பதில் ஒரு அழகான வசதி உண்டு. பெயின்ட் வெளியேற வெளியேற கேனுக்குள் இடம் காலியாகும். உடனே கொஞ்சம் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். அதனால் முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அதை கேனிலிருந்துதான் எடுக்க வேண்டும். விடாமல் பீச்சினால் கேன் சில்லிட்டுப்போகும், அழுத்தம் சற்று இறங்கும், கோடு சோர்ந்துவிடும். குளிர்நாடுகளில் வரைபவர்கள் கேனைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொள்வது இதனால்தான்.

முனை வழியாக வெளியே வந்ததும் பெயின்ட்டோடு கலந்திருந்த திரவ வாயு சட்டென்று கொதித்து ஆவியாகி, பெயின்ட்டைப் பல்லாயிரம் நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. முனையில் மாட்டும் சிறு பிளாஸ்டிக் மூடியை ‘கேப்’ என்பார்கள். ஸ்கின்னி கேப் போட்டால் ஓரிரு சென்டிமீட்டர் கோடு. ஃபேட் கேப் போட்டால் உள்ளங்கை அகலத்துக்கு மேல். வேலை முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து ஒருமுறை அழுத்துவார்கள். அப்போது உள்குழாயின் வாய் பெயின்ட்டுக்கு மேலே வந்துவிடுவதால் வெறும் வாயு மட்டும் வெளியேறும்; கேப்புக்குள் தங்கிய பெயின்ட் வெளியே வந்துவிடும், துளை அடைக்காது.

சரி, கையில் கேன் இருக்கிறது. வழியாமல் ஒரு கோடு போட வேண்டும். கேனைச் சுவரிலிருந்து இரு மடங்கு தள்ளிப் பிடித்தால் கோடு ஏறக்குறைய இரு மடங்கு அகலமாகும்; கை அதே வேகத்தில் போனால் பூச்சின் தடிமன் பாதியாகும். இன்னும் தள்ளிப்போனால் துளிகள் பாதி வழியிலேயே காய்ந்து, சுவரில் தூசியாகப் படியும். நெருங்கினால் ஓரம் கூர்மையாகும், ஆனால் பெயின்ட் குவியும். செங்குத்தான சுவரில் ஈரப் படலத்தின் தடிமன் இரண்டு மடங்கானால் அதன் மேற்பரப்பு வழியும் வேகம் நான்கு மடங்காகும். கீழே இறங்கும் பெயின்ட்டின் அளவோ எட்டு மடங்கு. தயங்கிய கை சுவரில் உடனே காட்டிக்கொடுத்துவிடுவது இதனால்தான். ஓர் எழுத்தின் முனையில் அரை நொடி கூடுதலாக நின்றாலும் அங்கிருந்து ஒரு கீற்று இறங்கும். தேர்ந்தவர்கள் கையை முதலில் நகர்த்தத் தொடங்கி, பிறகு கேப்பை அழுத்துவார்கள்; கை நிற்பதற்கு முன்பே விரலை எடுப்பார்கள். அவர்களில் பலரும் இந்தச் சமன்பாட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனாலும் தோள்பட்டைக்கு அது தெரியும். எனக்கு இதில் எப்போதும் ஒரு வியப்பு உண்டு.

எல்லோருக்கும் கேன்தான் ஆயுதம் என்றில்லை. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் உயரமான கட்டிடங்களில் நீண்டு ஒடுங்கிய கறுப்பு எழுத்துகளை எழுதும் ‘பிக்சாசாவ்’ கலைஞர்கள், செலவு குறைவு என்பதால், நீளக் கம்பில் கட்டிய ரோலரையும் சாதாரணச் சுவர் பெயின்ட்டையும் நிறையவே பயன்படுத்துகிறார்கள். இன்வேடர் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1998 முதல் பீங்கான் ஓடுகளைச் சிமென்ட் வைத்து ஒட்டிவருகிறார். சூளையில் வெந்த நிறம் என்பதால் அதை வெயில் ஒன்றும் செய்யாது.

பெயின்ட்டின் ஆயுள் பெரும்பாலும் பிசினின் கையில்தான். அக்ரிலிக் பிசின் உள்ள ஸ்ப்ரே பெயின்ட் பெரும்பாலும் கரைப்பான் பறந்ததும் காய்ந்துவிடும். மறுபடி அதே கரைப்பான் பட்டால் இளகும். ஆல்கைட் பிசின் அப்படியல்ல. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிறது. இந்த வினை நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீளும். நேற்று அடித்த ஆல்கைட் பெயின்ட் லேசாகத் துடைத்தாலே வந்துவிடும்; ஓராண்டு கழித்து அதைக் கரைப்பது பெரும்பாடு. சுவரெழுத்தை அழிப்பவர்கள் முதல் சில நாள்களுக்குள் ஓடிவருவது அதனால்தான்.

அப்புறம் வெயில். 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 400 கிலோஜூல். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்கச் சுமார் 350 போதும். அந்த ஒளியை உறிஞ்சும் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல உடைகின்றன. கரும்புகை நிறமியும் தாலோசயனின் வகை நீலமும் பச்சையும் பல்லாண்டு தாங்கும். மலிவான கரிம மஞ்சளும் சிவப்பும் சீக்கிரம் வெளிறும். வெயில் படும் பழைய சுவரோவியங்கள் பல நீலம் பூத்துக் கிடப்பதை நீங்களும் கவனித்திருக்கலாம். ஓவியர் அப்படி வரையவில்லை, மற்ற நிறங்கள் போய்விட்டன.

பெயின்ட்டே இல்லாமலும் சுவரில் வரையலாம். சாவோ பாவுலோவில் 2006இல் அலெக்சாந்த்ரே ஓரியோன் என்ற கலைஞர் ஒரு சுரங்கச் சாலைக்குள் போய், வாகனப் புகைக்கரி படிந்த சுவரை ஈரத்துணியால் துடைத்தே மண்டையோடுகளை வரிசையாக வரைந்தார். பெயின்ட் அடித்தால் வழக்குப் போடலாம், சுவரைத் துடைத்ததற்கு என்ன வழக்குப் போடுவது? கடைசியில் நகராட்சி சுவரையே கழுவிவிட்டது. 2016இல் ரோம் நகரில் தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் இதையே பேருருவில் செய்தார். டைபர் ஆற்றின் கரைச்சுவரில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குப் உருவங்களின் வடிவில் வெட்டிய பெரிய தகடுகளை வைத்து, அவற்றைச் சுற்றியிருந்த அழுக்கையும் நுண்ணுயிர்ப் படலத்தையும் அழுத்த நீரால் பீச்சி அகற்றினார். அகற்றாமல் விட்ட கறுப்புதான் உருவங்கள். சுற்றிலும் பாசியும் தூசியும் மறுபடி படியப் படிய அவை மங்கிக்கொண்டே போகும். அதைத் தெரிந்தேதான் அவர் செய்தார்.

அழிப்பதற்கும் ஓர் அறிவியல் உண்டு. செங்கல், மணற்கல், கான்கிரீட் எல்லாவற்றிலும் நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. ஈர பெயின்ட்டைத் தந்துகி விசை உள்ளே இழுத்துக்கொள்கிறது. கரைப்பானை ஊற்றினால் மேல்படலம் கரையும், ஆனால் நிறமி அந்தக் கரைசலோடு இன்னும் ஆழத்துக்கு இறங்கிவிடும். கழுவிய சுவரில் நிழல்போல எழுத்து தெரிவது அப்படித்தான். பழைய கற்கட்டிடங்களில் 1064 நானோமீட்டர் லேசர் துடிப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். கறுப்பு பெயின்ட் ஒளியை உறிஞ்சிச் சட்டென்று சூடாகிப் பிய்ந்துவிடும். அடியிலுள்ள வெளிர்கல் பெரும்பகுதியை எதிரொளிப்பதால் தப்பிக்கும். இந்த முறைக்குச் சிக்கல் தருவது வெள்ளி நிறம். அதிலுள்ள அலுமினியத் துகள்கள் லேசரைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

சில சமயம் அழிப்பதற்குச் செய்ததே பாதுகாப்பாகிவிடும். மெக்சிகோவின் ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிகேரோஸ் 1932இல் லாஸ் ஏஞ்சலீஸில் ஸ்ப்ரே துப்பாக்கி கொண்டு வரைந்த ‘அமெரிக்கா டிராப்பிகல்’ சுவரோவியத்தில் அமெரிக்கக் கழுகின் கீழே சிலுவையில் கட்டப்பட்ட ஒரு பழங்குடி மனிதர் இருந்தார். பிடிக்காதவர்கள் சில ஆண்டுகளுக்குள் வெள்ளையடித்து மறைத்தார்கள். அந்த வெள்ளைப்பூச்சு பல பத்தாண்டுகள் வெயிலைத் தடுத்தது. பிறகு உரிந்தபோது ஓவியம் வெளியே தெரிந்தது. ‘கெட்டி’ (Getty) என்ற கலை நிறுவனத்தின் ஓவியப் பாதுகாப்பு வல்லுநர்கள் போன நிறத்தைத் திரும்பத் தீட்டவில்லை, இருந்ததை உறுதிப்படுத்திக் கூரையிட்டு 2012இல் மக்களுக்குத் திறந்தார்கள். அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். வெளிறிப்போனதும் அந்த ஓவியத்தின் வரலாறுதான்.

ஆனால் சுவரிலிருந்தே ஓவியத்தைப் பெயர்த்தெடுப்பது வேறு விஷயம். ‘ஸ்ட்ராப்போ’ என்ற பழைய இத்தாலிய முறையில், ஓவியத்தின் மேல் துணியை வைத்து விலங்குப் பசையால் ஒட்டுவார்கள். பசை காயும்போது சுருங்கும். அந்த இழுவையில் பெயின்ட் படலம் சுவரை விட்டுத் துணியோடு வந்துவிடும். சர்ச் ஓவியங்களைக் காப்பாற்றப் பயன்பட்ட நுட்பம் இது. 2016இல் போலோன்யா நகரில் ஓர் அருங்காட்சியகத்துக்காகத் தெருவோவியங்கள் சுவர்களிலிருந்து பெயர்க்கப்பட்டபோது, ப்ளூ என்ற கலைஞர் கொதித்துப்போனார். அந்த நகரில் இருபது ஆண்டுகளாகத் தான் வரைந்து, அப்போது மிஞ்சியிருந்த ஓவியங்களை எல்லாம் நண்பர்களின் துணையோடு சாம்பல்நிற பெயின்ட் அடித்துத் தானே மூடினார்.